மீட்கப் போன தங்கை



கவர்ந்து செல்லப்பட்ட இளவரசியை வீரன் ஒருவன் மீட்டு வரும் கதை உலகெங்கும் உண்டு. அசைபடக் கலை தன் இளமைப் பருவத்திலேயே இக்கதையை எடுத்துக்கொண்டது. ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்னும் அம்மையார், தாளைக் கத்தரித்து நிழலுருவங்கள் செய்து, அவற்றை அசையச் செய்து, இளவரசர் அகமதின் வீரச்செயல்களைப் படமாக்கி 1926இல் வெளியிட்டார். இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள அசைபடங்களுள் அதுவே மிகப் பழமையானது. ஆயிரத்தோர் இரவுக் கதைகளைத் தழுவிய அப்படத்தில், பூதங்கள் தூக்கிச் சென்ற பரி பானு என்னும் நங்கையை அகமது போராடி மீட்கிறான்.

"இத்தகைய கதை நம் கொங்கு நாட்டில் உண்டா, ஐயா?" என்று மாணவன் ஒருவன் என்னை வகுப்பில் ஒருமுறை வினவினான். "உண்டு, ஆனால் அங்கே மீட்கப் போகின்றவளே பெண்" என்றேன். வகுப்பு வியந்தது. அக்கதையையும், அதிலிருந்து வரலாற்று மாணவர் கற்கத்தக்கது யாது என்பதையும் இன்று காண்போம்.

அதுவே அண்ணன்மார் சுவாமி கதை. நான் வாழும் சோமனூரில் இன்று விசைத்தறி ஓசையே ஓங்கி ஒலிக்கிறது. என் இளமையிலோ, இப்பகுதிச் சிற்றூர்களில் உடுக்கை ஓசை இரவு முழுதும் கேட்கும். பாடகர் உடுக்கையை அடித்துக்கொண்டு கதையைப் பாடுவார். துணைவர் பின்பாட்டுப் பாடுவார். கதை பல இரவுகள் தொடரும்.

பொன்னிவள நாட்டில் குன்றுடையானுக்கும் தாமரைக்கும், தாமரையின் கடுந்தவத்தின் பயனாகப் பொன்னர், சங்கர் என்னும் இரு மைந்தரும், தங்காள் என்னும் மகளும் பிறக்கின்றனர். பாடுவோர் பலர் கூறும் வழக்கில், தங்காள் காட்டுக் கிளிகளுக்கு ஆசைப்படுகிறாள். அண்ணன்மார் வேட்டுவர் காட்டில் கிளியைப் பிடித்து வருகின்றனர். துணையைப் பிரிந்த பெண்கிளி வேட்டுவர்தம் தங்கையிடம் சென்று முறையிடுகிறது. பகை மூள்கிறது, கொம்பன் என்னும் காட்டுப்பன்றி விளைநிலங்களை அழிக்கிறது, போர் நிகழ்கிறது. கவரப்பட்டது இளவரசி அன்று, ஒரு கிளி! கவர்ந்தவரோ பகைவர் அல்லர், கதைத் தலைவர்களே!

கொம்பனை வீழ்த்திய பின்னர், மாயவரின் செயலால் சங்கர் உயிர் துறக்கிறான். தம்பியின்றி வாழ விரும்பாத பொன்னரும் உயிர் விடுகிறான். அப்போது தங்காள் வீட்டில் அழுதுகொண்டு அமர்ந்திருக்கவில்லை. தன்னந்தனியே காடு புகுந்து, அண்ணன்மார் வீழ்ந்த படுகளத்தைத் தேடி அடைகிறாள். தெய்வ அருளால் அவர்களை எழுப்பவும் செய்கிறாள். ஆயினும் எழுந்தவர்கள் சிறிது பொழுது தங்கையோடு பேசிவிட்டு மீண்டும் கண் மூடுகின்றனர். அகமதின் கதை இணைவில் முடிகிறது. நம் கதை பிரிவில் முடிகிறது.

மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரில் மாசித் திருவிழா இந்நினைவைப் போற்றுகிறது. கொங்குச் சிற்றூர்க் கோயில்கள் சிலவற்றில், அருள் வந்து இறந்தவர்போல் வீழும் ஆடவரை நீர் தெளித்து எழுப்பும் படுகளச் சடங்கும் உண்டு.

இக்கதை நடந்தவாறே எழுதப்பட்ட வரலாறா? அன்று. ஆண்டும் அரசும் குறித்த கல்வெட்டைப்போல் இதனைக் கொள்ளுதல் தகாது. ஆயினும், காடு கழனியான காலத்தில் உழவர்க்கும் வேட்டுவர்க்கும் நேர்ந்த மோதலின் நினைவு இதனுள் உறைந்திருக்கிறது எனலாம். நாம் கேட்பதோ பெரும்பாலும் உழவர் பக்கத்துக் குரல். வேட்டுவக் குடியினரும் கொங்கு நாட்டின் பழங்குடியினரே. இன்றும் நம்மோடு வாழ்பவரே. காட்டை இழந்தவர் இக்கதையை எவ்வாறு சொல்வர் என்று வினவுவதே வரலாற்று மாணவனின் கடமை. அவ்வினாவை நாம் எழுப்பாவிடினும், இணை பிரிந்த கிளி கதைக்குள்ளேயே எழுப்பிவிடுகிறது.

இக்கதை நமக்கு நிலைத்த வகையும் அறியத்தக்கது. கனடா நாட்டு மானிடவியலறிஞர் பிரெண்டா பெக் அம்மையார் கொங்குச் சிற்றூரில் தங்கி, 1965இல் ராமசாமி என்னும் பாடகர் பாடியதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அப்பாடம் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் தமிழிலும் ஆங்கிலத்திலும் நூலாக வெளிவந்தது. பின்னர் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவர் முயற்சியாலேயே இக்கதை 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராகவும் உருப்பெற்றது. உடுக்கடிக் கதை திரையேறியது!

ஆயினும் ஒன்று சொல்வேன். பதிவானது ஒரு பாடகரின் குரல். ஊருக்கு ஊர் வேறுபட்ட குரல்கள் பல, பதிவின்றியே மறைந்தன. உங்கள் ஊரில் இக்கதை அறிந்த முதியவர் இன்றும் இருத்தல் கூடும். இவ்விடுமுறையில் அவரை நாடிச் செல்லுங்கள், அமர்ந்து கேளுங்கள், கேட்டதைக் கேட்டவாறே எழுதி வையுங்கள். தங்காள் தேடிச் சென்று எழுப்பியதும் சிறிது பொழுதுக்கே. எனினும் அவள் போகாமல் இருக்கவில்லை. நீங்களும் போய் வாருங்கள்.