சிவப்பு விடுதியும் ஒரு சாட்சியும்

சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் என்றாலும் நான் படித்ததெல்லாம் புதுச்சேரியில், மாமா வீட்டில் தங்கி, பிரெஞ்சு மீடியத்தில். பள்ளியில் எப்போதாவது வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போடுவார்கள். அப்படிப் பார்த்ததுதான் 'லோபெர்ஜ் ரூழ்'. 'சிவப்பு விடுதி' என்று அர்த்தம். 1951இல் குளோது ஓத்தான்-லாரா எடுத்த படம்.

நம் பக்கத்துச் சத்திரங்களில் வழிப்போக்கனுக்குச் சோறு சும்மா கிடைத்தது. படத்தில் வரும் மலை விடுதியிலோ காசையும் கொடுத்து உயிரையும் கொடுக்கவேண்டும். விடுதிக்காரனும் மனைவியும் தங்க வருகிறவர்களைக் கொன்று பணத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருவன் பிணத்தைப் பனிப் பொம்மைக்குள் வைத்து மூடிவிடுவார்கள். விடுதிக்காரி ஒரு துறவியிடம் பாவசங்கீர்த்தனம் செய்வாள்; கேட்டதை அவர் வெளியே சொல்லக்கூடாது. துறவியாக வரும் ஃபெர்னாந்தெல், அந்தக் குதிரை முகத்தை வைத்துக்கொண்டு, விஷயத்தைச் சொல்லாமலே பிரயாணிகளைக் காப்பாற்றப் படும் பாடு இருக்கிறதே! விழுந்து விழுந்து சிரித்தோம். தப்பித்தவர்கள் ஏறிய வண்டி கடைசியில் பள்ளத்தில் விழும். அதற்கும் சிரித்தோம்.

கதைக்கு மூலமான விடுதி நிஜம். தெற்குப் பிரான்சில், ஆர்தேஷ் மலைப்பகுதியில், பேர்பேய் என்ற இடம். (பெயரைப் பாருங்கள்!) நடத்தியவர் பியேர் மர்த்தான், மனைவி மரி, வேலைக்காரர் ழான் ரோஷெத். 1831 அக்டோபரில் ஆன்ழோல்ரா என்ற கால்நடை வியாபாரி காணாமல் போய், ஆற்றங்கரையில் பிணமாகக் கிடைத்தார். ஐம்பது கொலைக்கு மேல் என்று ஊரெல்லாம் பேச்சு. தீர்ப்பில் நின்றது இந்த ஒரு கொலைதான். 1833 அக்டோபர் 2ஆம் தேதி விடுதி வாசலிலேயே மூவரின் தலையையும் வெட்டினார்கள்.

முக்கியமான சாட்சி ஒரு பிச்சைக்காரர், லோரான் ஷாஸ். ஒளிந்திருந்து பார்த்ததாகச் சொன்னார். ஆனால் சொன்னது பிரெஞ்சில் அல்ல, அந்த மலைப் பேச்சில். மொழிபெயர்த்துத்தான் கோர்ட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

பிற்காலத்தில் இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் கிளார்க்காகச் சேர்ந்த புதிது. வரப்புத் தகராறு ஒன்றில் ஒரு பெரியவர் வாக்குமூலம் கொடுத்தார். "வெள்ளன பார்த்தேன்" என்றார். நான் 'காலையில் பார்த்தேன்' என்று எழுதி ரேகை வாங்கிவிட்டேன். அவர் சொன்னது விடிந்தும் விடியாத நேரத்தை. விசாரணையில், காலை வெளிச்சத்தில் ஆளை அடையாளம் தெரியவில்லையா என்று கேட்டுப் பொய்ச் சாட்சி என்று தள்ளிவிட்டார்கள். கி.ரா. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி கொண்டுவந்தது 1982இல். அதற்குப் பல வருஷம் முந்திய கதை இது. அகராதி இருந்திருந்தாலும் அந்த வயசில் நான் புரட்டியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

வெளியே வந்தவர் என்னைத் திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாஞ் சொன்னது ஒண்ணு, எழுத்துல இருக்கது ஒண்ணால்ல இருக்கு சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.