கிளாசிக் காரின் ஸ்டீல் பட்டை மங்கிடுச்சா? தூக்கிப் போடாதீங்க... பழைய பளபளப்பை மீட்பது எப்படி?

1950-களில் வந்த அமெரிக்க கார்களைப் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். உதாரணத்துக்கு, செவர்லே பெல் ஏர். அதன் பக்கவாட்டில் வெள்ளிக்கோடு போல ஓடும் பட்டைதான் காருக்கே தனி அழகு. இதைத்தான் 'டிரிம்' என்கிறார்கள். 60, 70 ஆண்டுகளில் இந்தப் பட்டை மங்கி, கீறி, ஒடுக்கு விழுந்து போயிருக்கும். 'இனி தேறாது' என்று பலரும் நினைப்பது இங்கேதான். ஆனால், அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் பெரும்பாலும் தேற்றிவிடலாம். எப்படி? பார்க்கலாம்.

இது குரோம் முலாம் இல்லையா?

இல்லை. பம்பர் போன்ற பாகங்களில் இரும்பின் மேல் குரோம் முலாம் பூசியிருப்பார்கள். முலாம் உரிந்தால் மறுபடி பூசத்தான் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அப்படியல்ல. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் மாதிரி, மேலிருந்து அடிவரை ஒரே உலோகம்.

இதில் குறைந்தது 10.5% குரோமியம் கலந்திருக்கும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை உருவாக்கும். துருவைத் தடுப்பது இந்தப் படலம்தான். தேய்த்தாலும் தானாகவே மீண்டும் உருவாகிவிடும். அதனால்தான் இதைத் தேய்த்து மெருகேற்ற முடிகிறது.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியுமா?

காந்தத்தை மட்டும் நம்பாதீங்க. கார் டிரிம்களில் அதிகம் பயன்பட்ட 430 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டும். கொப்புளமோ உரிதலோ இருந்தால் அது முலாம். எடை குறைவாக, காந்தம் ஒட்டாமல், வெளிறிய நிறத்தில் இருந்தால் அலுமினியமாக இருக்கலாம். 1957 பெல் ஏர் காரின் பின்பக்கத்தில், பட்டைகளுக்கு நடுவே வரிவரியாக இருக்கும் தகடு அனோடைஸ் செய்த அலுமினியம். ஸ்டீலைத் தேய்ப்பது போல அதைத் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும்.

முதல் வேலை என்ன?

பாலிஷ் அல்ல, கழற்றுவது. பட்டையின் பின்னால் கிளிப், நட்டு இருக்கும். துருப்பிடித்த நட்டில் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பட்டை மடங்கிவிடும், பெயிண்டும் போய்விடும். பிளாஸ்டிக் நெம்புகோல் நல்லது. எந்தப் பட்டை எந்த இடம் என்று போட்டோ எடுத்துக்கொள்வதும் அவசியம்.

ஒடுக்கு எடுப்பது எப்படி?

வேலையின் உயிர்நாடியே இதுதான். ஒடுக்கை எடுக்காமல் பாலிஷ் போட்டால், பளபளப்பு கூடக்கூட ஒடுக்கும் பளிச்சென்று தெரியும்.

* ஒடுக்கு உள்ள இடத்தைப் பட்டையின் பின்புறம் மார்க்கரால் குறியுங்கள்.
* முன்புறத்தை வழவழப்பான கட்டையில் வைத்து, பின்புறமிருந்து மொட்டை முனைக் கருவியால் மெதுவாகத் தட்டுங்கள்.
* ஓங்கி அடிக்காதீங்க. தகடு விரிந்து, புடைத்துக்கொள்ளும். அடிக்க அடிக்க இந்த உலோகம் இறுகவும் செய்யும்.
* மெல்லிய அரத்தால் மேலே லேசாக வருடுங்கள். அரம் பட்டு மின்னுவது மேடு, படாதது பள்ளம். சமமாகும்வரை தட்டிப் பாருங்கள்.

எந்த உப்புத்தாள்?

அரத்தின் தடம் போக 320-ல் தொடங்கி 400, 600, 800, 1000 என்று போகலாம். வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். முந்தைய தாளின் கோடு முழுதாக மறைந்தால்தான் அடுத்த தாள். அவசரப்பட்டுத் தாண்டினால், அந்தக் கோடு கடைசியில் பாலிஷில் எட்டிப் பார்க்கும்.

கீறல் மட்டும் என்றால் 600-லேயே தொடங்கலாம். தேய்ந்து போன உலோகம் திரும்ப வராது என்பதை மறக்க வேண்டாம்.

பஃபிங்கில் என்ன ஆபத்து?

முதலில் சணல் போன்ற கடினமான சிசல் வீலில் வெட்டும் காம்பவுண்ட், அடுத்து மெத்தென்ற பருத்தி வீலில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கான பச்சை காம்பவுண்ட். ஒரு வீலில் ஒரு காம்பவுண்ட்தான். சாதா இரும்பைத் தேய்த்த வீலை இதற்குப் பயன்படுத்தினால், இரும்புத் துகள் ஒட்டிப் பின்னர் துருப்புள்ளியாகும்.

பட்டையின் மேல் ஓரம் வீலில் மாட்டினால், கையிலிருந்து பிடுங்கி வீசிவிடும். பட்டையும் வளையும், ஆளுக்கும் காயம். எனவே உங்களைப் பார்த்த பக்கத்தில், வீலின் நடுமட்டத்துக்குக் கீழே வைத்து, பட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓரம் நோக்கித் தேய்க்க வேண்டும். மறுபாதிக்குப் பட்டையைத் திருப்பிக்கொள்ளுங்கள். நீளப் பட்டையை மரச்சட்டத்தில் பொருத்திக்கொள்வது பாதுகாப்பு. முகக்கவசம், தூசி மாஸ்க் கட்டாயம். தொளதொள சட்டை, தொங்கும் கயிறு, நூல் கையுறை கூடவே கூடாது. ஒரே இடத்தில் அழுத்தினால் சூடேறி தகடு நெளியும், நிறமும் மாறும்.

எல்லாமே கண்ணாடி போல மின்ன வேண்டுமா?

வேண்டாம். டெலோரியன் காரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடலில் மெல்லிய கோடுகள் தெரிவதுதான் அசல் தோற்றம். அதைக் கண்ணாடியாக்கினால் அசலே போய்விடும். கம்பெனி எப்படிக் கொடுத்ததோ, அதுதான் அளவுகோல்.

பிறகு பராமரிப்பு?

சோப்புத் தண்ணீர், மென்மையான துணி போதும். இரும்பு நார், பிளீச்சிங், டாய்லெட் ஆசிட் பக்கமே போகாதீங்க. பட்டையை மாட்டும்போது பழைய துருப்பிடித்த கிளிப்பையும் மாற்றிவிடுங்கள். ஓரத்தில் வழியும் செந்நிறக் கறை பல நேரம் பட்டையின் துரு அல்ல, அந்தக் கிளிப்பின் துருதான்.