பிரீமியர் பத்மினி இன்ஜினை வீட்டு பார்க்கிங்கிலேயே பிரித்துக் கட்ட முடியுமா?

மும்பை மாட்டுங்கா, செம்பூர் பக்கம் பழைய சொசைட்டிகளின் பார்க்கிங்கில் கவர் போட்டு நிற்கும் பிரீமியர் பத்மினியை இன்றும் பார்க்கலாம். தாத்தா ஓட்டியது, விற்க அப்பாவுக்கு மனசு வராதது, இப்போது சாவி பேரன் கையில். மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. டாக்ஸிகளுக்கு 20 ஆண்டு வரம்பு என்பதால் 2023 அக்டோபரில் அது ஓய்வு பெற்றது. சொந்த வண்டிக்கு அப்படி ஒரே வெட்டான முடிவு இல்லை. அதனால்தான் ‘இன்ஜினை நாமே பிரிக்கலாமா?’ என்ற ஆசை வருகிறது.

பிரிக்கலாம், திரும்பப் பூட்டவும் செய்யலாம். ஆனால் நடுவில் உள்ள வேலையை வீட்டில் பண்ண முடியாது.

24 அளவுகள்

ஃபியட் 1100 காரின் உரிமத்தில் மும்பை குர்லா ஆலையில் தயாரான வண்டி இது. (பெயர் நடிகை பத்மினியுடையது அல்ல, சித்தூர் ராணியுடையது.) நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. சிலிண்டரின் விட்டம் 68 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மி.மீ. கணக்குப் போட்டால் 1089 சிசி.

அந்த 68-தான் முக்கியம். சிலிண்டர் சுவர் சீராகத் தேயாது. பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்தும் திசையில் கூடுதலாகத் தேய்ந்து வட்டம் முட்டை வடிவமாகும். மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில் தேய்மானம் இன்னும் அதிகம். அதனால் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கு ஆறு, மொத்தம் 24 அளவுகள். ஒரு எக்செல் ஷீட் போதும். இதை அளக்காமல் ‘போர் பண்ணிடலாம்’ என்று சொல்பவரிடம் பிளாக்கைக் கொடுக்காதீர்கள்.

காரணம் இருக்கிறது. தேய்ந்த சிலிண்டரை ஒர்க்‌ஷாப்பில் பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். 0.6 மி.மீ. பெரிதாக்கினால் 1109 சிசி ஆகும். பவர் கூடிடுச்சுன்னு சந்தோஷப்பட ஒன்றுமில்லை, ஒவ்வொரு முறையும் சுவர் மெலிகிறது. எல்லை தாண்டினால் ஸ்லீவ் அடிக்க வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, பிறகே போர் செய்யச் சொல்லுங்கள். இந்த வரிசை மாறும்போதுதான் பணம் வீணாகிறது.

கிராங்க் கிரைண்டிங்கும் ஹெட்டின் தளத்தைச் சமப்படுத்துவதும்கூட ஒர்க்‌ஷாப் வேலைதான். பேரிங் கேப், புஷ்ராடு ஆகியவற்றுக்கு எண் எழுதி வைப்பது உங்கள் வேலை.

பார்க்கிங்கை கராஜ் ஆக்கலாமா?

இங்கேதான் மும்பை குறுக்கே நிற்கிறது. ரெரா சட்டப்படி கராஜ் என்றால் கூரையும் மூன்று பக்கம் சுவரும் இருக்க வேண்டும். தூண்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங் கராஜ் அல்ல, அது பொதுப் பகுதி, பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று 2010-ல் தஹிசர் சொசைட்டி ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, அந்த இடத்தில் அலமாரி வைக்கவே சொசைட்டியிடம் பேச வேண்டும். சுவர் எழுப்ப மாநகராட்சி அனுமதியும் தேவை.

நடைமுறையில் மடக்கக்கூடிய இன்ஜின் கிரேன், சக்கரம் வைத்த டூல் டிராலி, எண்ணெய் சிந்தாமல் ஒரு தட்டு, இவ்வளவுதான் ‘விரிவாக்கம்’. கட்டடத்தின் பீமில் செயின் பிளாக் மாட்டாதீர்கள். பாகங்களை பெட்ரோலில் கழுவாதீர்கள், மேலே ஆட்கள் தூங்குகிறார்கள்.

வின்டேஜ் பதிவு உதவுமா?

2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வாகனத்துக்கு ‘விஏ’ எழுத்துள்ள நம்பர் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000. ஆனால் பத்மினி என்ற பெயரே 1970-களில்தான் வந்தது. பெரும்பாலானவை இன்னும் 50-ஐத் தொடவில்லை. அவற்றுக்கு வழக்கமான பதிவுப் புதுப்பிப்புதான்.

தகுதி இருந்தாலும் யோசியுங்கள். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வண்டியைச் சாலையில் எடுக்கலாம். ஆபீசுக்கு ஓட்ட முடியாது. சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றமும் செய்திருக்கக் கூடாது. அதாவது டீசல் இன்ஜின் மாற்றிய பத்மினிக்கு இந்தக் கதவு மூடியது. இன்ஜின் எண் ஆர்.சி.யில் இருப்பதால், பழைய பிளாக்கைக் காப்பாற்றுவதே உங்களுக்கு லாபம்.

இன்னொன்று. இப்போது பங்க்கில் கிடைப்பது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் கார்புரேட்டர் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இன்ஜினை வண்டியில் ஏற்றும் முன் அவற்றையும் மாற்றிவிடுங்கள்.