சாடியருகே விருந்து

நாசிக் அருகிலுள்ள சூலா ஒயின் ஆலைக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கொடி. பிறகு பழம் பிழியும் எந்திரம், எஃகுத் தொட்டி, ஓக் மரப் பீப்பாய். கிண்ணம் கைக்கு வருவது கடைசியில்தான். 2000இல் முதல் ஒயினை விற்பனைக்கு விட்ட அந்த நிறுவனம் 2005இல் சுவைக்கூடத்தைத் திறந்தது. சுற்றுலா ஏடுகள் இதை ஐரோப்பாவிலிருந்து வந்த நாகரிகம் என்றே எழுதுகின்றன. கொடிக்கும் பீப்பாய்க்கும் அது பொருந்தும். ஆனால் குடிப்பவரை வடிக்கும் இடத்துக்கே வரவழைத்து, செய்முறையை விளக்கி, அங்கேயே பருகத் தருவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வெளியிலிருந்து நமக்கு வந்தது மூடிய சாடிதான். சாடி மூடப்பட்ட வரலாற்றைத் திருச்சி அருகே பாய்லர் பட்டறைகள் உள்ள துவாக்குடியைச் சுற்றியே படிக்கலாம்.

முதலில், சாடி திறந்திருந்த காலம். சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைக் காணச் செல்லும் பாணனுக்குக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்லும் வழி. எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்தப் பாட்டைப் பயணக் கையேடு என்றால் புலவர் கோபிக்கமாட்டார். வலைஞர் குடியிருப்பை எட்டியதும் பாட்டு நிதானமாகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்ச வேண்டும். வாயகன்ற தட்டில் ஆறவிட வேண்டும். இடித்த நெல்முளையைக் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட வேண்டும். பிறகு விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். இவ்வளவும் சொன்ன பிறகுதான், சுட்ட மீனோடு அந்த நறும்பிழி உங்களுக்குக் கிடைக்கும் என்கிறார். நாசிக் வழிகாட்டியின் வரிசையும் இதுதான். கல்லணையோடு மரபு சேர்த்துப் பேசும் கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையிலும் குடி உண்டு. அங்கே பொற்கலம் நிறைய நிறைய வார்க்கிறார்கள். யார் வடித்தது, எப்படி வடித்தது என்ற பேச்சே இல்லை. அரண்மனையில் கிண்ணம் மட்டுமே தெரிகிறது. மீனவர் குடிசையில் செய்முறை தெரிகிறது. புலவர் கற்பனையை வரலாறாக்கலாமா என்று கேட்கலாம். விருந்தின் தாராளம் கற்பனையாக இருக்கலாம். ஆனால் முளைகட்டிய தானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்காமல் இத்தனை சரியாகச் சொல்ல முடியாது.

துவாக்குடியிலிருந்து தஞ்சைச் சாலையில் மேற்கே போனால் உறையூர். செங்கடல் வணிகக் கையேடான பெரிப்ளஸ் ‘அர்கரு’ என்று குறிப்பது இந்த ஊரைத்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கே நடத்திய அகழாய்வில் சாயத்தொட்டியும் ரூலெட் வகைப் பானையோடுகளும் கிடைத்தன. துணி இங்கே நெய்து, இங்கே சாயமேறிக் கப்பலேறியது. ஒயின் எதிர்த்திசையில் வந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேட்டில் ஆம்போரா ஓடுகள் குவிந்தன; அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் பல ஓடுகளைக் கோஸ் தீவு வகை ஒயின் சாடிகளாக இனங்கண்டார். புறநானூற்றில் நக்கீரர் பாடும் யவனர் தேறல் பாண்டியனின் பொற்கிண்ணத்தில்தான் ஊற்றப்படுகிறது. முசிறிக்கு வந்த ஒயினின் அளவு அதிகமில்லை என்று பெரிப்ளஸே சொல்கிறது. அதைக் குடித்தவர் யாரும் அந்தக் கொடியைக் கண்டதில்லை. பிறந்த இடத்திலிருந்து பிரிந்து வந்த குடி, அரசனுக்குரிய அரும்பொருளானது.

ஊரார் குடித்த கள் அப்படிப் பிரிய முடியாதது. காலையில் இறக்கியது மாலைக்குள் கடுத்துவிடும். அதனால் மரத்தடியே கடை. இந்தப் பிணைப்பை முதலில் தளர்த்தியது ஒழுக்கமல்ல, வருவாய். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ் இறக்கவும் காய்ச்சவும் விற்கவும் உரிமம் தேவைப்பட்டது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971இல் கடைகள் திறந்தன, 1974இல் மூடின. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. இடையில் மீண்டும் திறந்திருந்த கள்ளுக்கடைகள் 1987இல் போயின. 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. பனையைத் தடுத்த கை பாட்டிலை விற்றது. பாய்லர் எங்கே, எப்படி உருவாகிறது என்பதைத் துவாக்குடிப் பட்டறைத் தொழிலாளி நுணுக்கமாகச் சொல்வார். அவர் வாங்கும் குவார்ட்டருக்குள் இருப்பது எந்த ஆலையில் எப்படி உருவானது என்பதற்கு லேபிளின் பொடி எழுத்துதான் சாட்சி.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்க, இதையெல்லாம் மரபு என்று கொண்டாடலாமா என்பது வலுவான மறுப்பு. கொண்டாட்டம் இங்கே நோக்கமல்ல. யாருமே குடிக்காத நாட்டில் அந்த அதிகாரத்துக்கு வேலையே இருந்திருக்காது. மேலும் அவர் கண்டிப்பது மயக்கத்தை, கைத்தொழிலின் அறிவை அல்ல. இன்னொரு மறுப்பு இன்னும் கனமானது: மரத்தடிக் குடியில் கலப்படத்துக்குத் தடையேது, ஆலைச்சரக்குதானே பாதுகாப்பு? பாதி உண்மை. ஆலையில் சோதனை உண்டு. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற மெத்தனால் மரத்தடியில் இறங்கியதல்ல. எங்கே செய்தது என்று குடிப்பவருக்கே தெரியாத சரக்கு அது. ஆலைச் சுற்றுலா வெறும் விற்பனைத் தந்திரம் என்பவர்களுக்கு என் பதில்: ஆமாம், தந்திரம்தான். இருந்தாலும் தொட்டியைத் திறந்து காட்டவேண்டிய கட்டாயத்தை அந்தத் தந்திரமே உண்டாக்குகிறது.

திராட்சைக்கு இங்கே குறையில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த வகை என்பார்கள். ஒயினுக்கும் ஏற்ற பழம் என்றாலும் பெரும்பாலும் பழமாகவே லாரியேறுகிறது. பனையில் மட்டும் பழைய பழக்கத்தின் ஒரு நூல் அறுபடாமல் இருக்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சட்டத்தின் எல்லைக்கோடே அந்த வெள்ளைப் பூச்சுதான். பருவத்தில் சாலையோரம் பதநீர் வாங்குகிறவர்கள் பானைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள், மோந்து பார்க்கிறார்கள், “எப்போ இறக்குனது, புளிப்பு ஏறலையே?” என்று கேட்ட பிறகுதான் பனையோலைப் பட்டையை நீட்டுகிறார்கள்.