செகரட்டரி: ஒரு புலம் கடந்து வந்த பாதை

1991 நவம்பரில் ‘ஆர்.எஃப்.சி. 1274’ என்ற எண்ணோடு ஓர் ஆவணம் வெளியானது. எழுதியவர்கள் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பால் பார்க்கரும் ஸ்டீவ் கில்லும். எக்ஸ்.500 என்ற தரத்தைப் பின்பற்றி, ஆய்வு நிறுவனங்கள் தங்கள் ஆட்களின் விவரங்களை டைரக்டரிகளில் ஏற்றி, அந்த டைரக்டரிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஒருவரைப் பற்றி என்னென்ன விவரம் வைப்பது, எதை எந்தப் பெயரில் வைப்பது என்று எல்லோருக்கும் பொதுவான பட்டியல் தேவைப்பட்டது. அதைத்தான் இருவரும் தொகுத்தார்கள். மின்னஞ்சல் முகவரி, அறை எண், நிழற்படம், மேலாளர் எல்லாம் அதில் உண்டு. ஒருவருக்குப் பிடித்த பானம் எது என்று எழுதி வைக்கக்கூட ஒரு புலம் உண்டு. 21ஆம் எண் ‘செகரட்டரி’க்குக் கிடைத்தது.

அந்தப் புலத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை அவர்கள் யோசித்து முடிவு செய்திருந்தார்கள். செயலாளரின் பெயரை எழுதக் கூடாது. டைரக்டரியில் அவருக்கென்று இருக்கும் பதிவின் முழு முகவரியைத்தான் எழுத வேண்டும். செயலாளரின் தொலைபேசி எண் மாறினால் அவருடைய பதிவில் மட்டும் திருத்தினால் போதும். மேலாளரின் பதிவிலிருந்து அந்த முகவரியைப் பிடித்துப் போகிறவருக்குப் புதிய எண் தானாகவே கிடைத்துவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் குறை சொல்ல முடியாத வடிவமைப்பு இது.

பெயரோடு ஒரு நீண்ட எண்ணும் அதற்குக் கிடைத்தது: 0.9.2342.19200300.100.1.21. இதை ஓ.ஐ.டி. என்பார்கள். முதலில் வரும் 0, சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பைக் குறிப்பது. 9, தரவு வலைப்பின்னல்களுக்கு உரியது. 2342, பிரிட்டனின் அன்றைய பேக்கெட் வலைப்பின்னல். 19200300, அந்த வலைப்பின்னலில் கல்லூரியின் முகவரி. கடைசியில் இருக்கும் 21தான் செகரட்டரி. உலகில் வேறு எந்தப் புலத்துக்கும் இந்த எண் வராது. ஆனால் ‘செகரட்டரி’ என்ற சொல்லுக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. பின்னால் வந்த சிக்கல் முழுவதும் இந்த வேறுபாட்டிலிருந்து கிளம்பியதுதான்.

அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1996இல் எக்ஸ்சேஞ்ச் 4.0 மின்னஞ்சல் சர்வரை வெளியிட்டது. அதற்குள்ளேயே சொந்தமாக ஒரு டைரக்டரி இருந்தது. அலுவலக முகவரிப் புத்தகத்தில் ஒருவர் பெயரைத் திறந்தால், அவருடைய உதவியாளர் யார் என்று காட்டும் ஒரு கட்டம் இருக்குமே, அதற்காக ஒரு புலமும் வந்தது. இது லண்டன் புலத்தின் வழியில் வந்ததல்ல. இதில் இருப்பது வெறும் எழுத்து. உதவியாளரின் பெயரைத் தட்டச்சு செய்து வைத்தால் முடிந்தது. ஓ.ஐ.டி. எண்ணும் வேறு: 1.2.840.113556 என்று தொடங்கும் மைக்ரோசாஃப்டின் வரிசை.

2000இல் எக்ஸ்சேஞ்ச் தன் சொந்த டைரக்டரியை விட்டுவிட்டு, விண்டோஸ் 2000இல் அறிமுகமான ஆக்டிவ் டைரக்டரியில் குடியேறியது. எக்ஸ்சேஞ்ச் 2000ஐ நிறுவும் முன் ‘ஃபாரஸ்ட்பிரெப்’ என்றொரு படி உண்டு. மின்னஞ்சலுக்குத் தேவையான நூற்றுக்கணக்கான புலங்களையும் வகைகளையும் டைரக்டரியின் ஸ்கீமாவில் சேர்ப்பது அதன் வேலை. டைரக்டரியில் என்னென்ன இருக்கலாம், ஒவ்வொன்றும் எப்படி இருக்கலாம் என்று வரையறுக்கும் பகுதிதான் ஸ்கீமா. உதவியாளர் புலமும் இந்தப் படியில்தான் வந்து சேர்ந்தது. டைரக்டரியிடம் தகவல் கேட்பதற்கான நெறிமுறையான எல்டாப் வழியாக வெளியிலிருந்து கேட்பவர்களுக்காக அதற்கு வைக்கப்பட்ட பெயர் ‘செகரட்டரி’. கூடவே ‘லேபிள்டுயூ.ஆர்.ஐ.’, ‘ஹவுஸ்ஐடென்டிஃபையர்’ என்று இன்னும் இரண்டு புலங்களும், வேறு தரங்களில் ஏற்கெனவே வரையறுக்கப்பட்ட பெயர்களைத் தாங்கிக்கொண்டு நுழைந்தன.

ஸ்கீமாவைத் தொடுவது மற்ற வேலைகளைப் போன்றதல்ல. ஒரு பயனர் கணக்கைத் தவறாக உருவாக்கினால் அழித்துவிடலாம். ஸ்கீமாவில் சேர்த்த புலத்தை அழிக்க முடியாது. செயலிழக்க வைக்கலாம், அவ்வளவுதான். டைரக்டரியின் நகலைத் தாங்கும் சர்வர்களை டொமைன் கன்ட்ரோலர்கள் என்பார்கள். அவற்றில் ‘ஸ்கீமா மாஸ்டர்’ என்ற பொறுப்பில் இருக்கும் ஒரே ஒன்றில்தான் மாற்றத்தை எழுத முடியும். எழுதியது, ஒரே ஸ்கீமாவைப் பகிர்ந்துகொள்ளும் டொமைன்களின் தொகுப்பான அந்த ஃபாரஸ்டில் உள்ள எல்லா டொமைன் கன்ட்ரோலர்களுக்கும் போய்விடும். ‘ஸ்கீமா அட்மின்ஸ்’ குழுவில் யாரையும் நிரந்தரமாக வைத்திருக்காதீர்கள், வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும் சேர்த்துவிட்டு உடனே நீக்குங்கள் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

அதே 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் நெட்ஸ்கேப்பைச் சேர்ந்த மார்க் ஸ்மித் எழுதிய ஆர்.எஃப்.சி. 2798 வெளியானது. ‘இனெட்ஆர்க்பெர்சன்’ என்ற வகையை அது வரையறுத்தது. நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவரின் பதிவில் என்னென்ன இருக்கலாம் என்ற அந்தப் பட்டியலில் லண்டனின் பழைய ‘செகரட்டரி’யும் இடம்பெற்றது. மற்ற நிறுவனங்களின் எல்டாப் டைரக்டரிகள் இந்த வகையைத் தழுவிக்கொண்டன. அவற்றோடு ஒத்துப்போக வேண்டும் என்று மைக்ரோசாஃப்டும் 2003 ஏப்ரலில் வெளியிட்ட விண்டோஸ் சர்வர் 2003இல் இதைச் சேர்த்தது.

இனி நடந்ததை ஊகிக்கலாம். விண்டோஸ் 2000மும் எக்ஸ்சேஞ்ச் 2000மும் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அலுவலகம், புதிய விண்டோஸைக் கொண்டுவர ‘ஏடிபிரெப் ஃபாரஸ்ட்பிரெப்’ என்ற கட்டளையை இயக்குகிறது. அது தரத்தின்படியான ‘செகரட்டரி’யை ஸ்கீமாவில் சேர்க்க வருகிறது. அந்தப் பெயரில் எக்ஸ்சேஞ்சின் புலம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஓ.ஐ.டி. எண்கள் வேறு என்பதால் இரண்டும் வேறு வேறு புலங்கள், இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் ஒரே எல்டாப் பெயர் இரண்டு புலங்களுக்கு இருக்க முடியாது. டைரக்டரி என்ன செய்தது? மோதிய பெயரைச் சிதைத்தது. முன்னால் ‘டூப்’ என்று ஒட்டு, பின்னால் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட ஒரு சரம். மற்ற இரண்டு பெயர்களுக்கும் இதே கதி.

இதில் கொடுமை என்னவென்றால், மின்னஞ்சல் நிற்காது. அவுட்லுக்கின் முகவரிப் புத்தகம் புலத்தை எல்டாப் பெயரால் தேடுவதில்லை, மின்னஞ்சல் நிரல்களுக்கான ‘மேப்பி’ இடைமுகத்தின் எண்ணால் தேடுகிறது. உதவியாளர் புலத்துக்கு அந்த எண் 14896. பெயர் சிதைந்தாலும் எண் அப்படியே இருப்பதால் உதவியாளரின் பெயர் திரையில் வழக்கம்போலத் தெரியும். அடிபடுவது பெயரைச் சொல்லிக் கேட்கும் நிரல்கள்தான்: மனிதவளத் துறையின் பட்டியலை டைரக்டரிக்குக் கொண்டுபோகும் ஸ்கிரிப்ட், எல்டாப் வழியாகத் தகவல் எடுக்கும் உள்வலைத்தளம் போன்றவை. அவற்றை யார் எழுதினார்கள், அவை எங்கே ஓடுகின்றன என்ற குறிப்புகூட இல்லாத அலுவலகங்கள் ஏராளம். சத்தமில்லாமல் நடக்கும் இத்தகைய கோளாறுக்குத்தான் மேம்படுத்தலில் அதிகம் அஞ்ச வேண்டும் என்பது என் எண்ணம். சர்வர் நின்றுபோனால் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இதைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் சொன்ன வழி சின்னஞ்சிறியது. ‘இனெட்ஆர்க்பெர்சன்பிரிவென்ட்’ என்று ஓர் எல்.டி.எஃப். கோப்பு. நோட்பேடில் அடித்துவிடக்கூடிய நீளம்தான். முதல் வரியில், ஸ்கீமாவுக்குள் எக்ஸ்சேஞ்சின் உதவியாளர் புலம் இருக்கும் முகவரி. இரண்டாவது வரி, இது திருத்தம் என்று சொல்கிறது. மூன்றாவது, எல்டாப் பெயரை மாற்று என்கிறது. நான்காவதில் புதிய பெயர்: ‘எம்எஸ்எக்ஸ்ச்அசிஸ்டன்ட்நேம்’. ஐந்தாவது வரியில் தனியாக ஒரு சிறு கோடு. அந்தத் திருத்தம் முடிந்தது என்பதற்கு அடையாளம். பிறகு ஒரு வெற்று வரி. மற்ற இரண்டு புலங்களுக்கும் இதே ஐந்து வரிகள். முடிவில் முகவரியே இல்லாத ஒரு பகுதி: ‘ஸ்கீமாவை இப்போதே புதுப்பி’ என்ற ஆணை. இந்த வகைக் கோப்பில் இடைவெளிக்குக்கூட அர்த்தம் உண்டு. ஒரு வரியின் தொடக்கத்தில் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தால், அது முந்தைய வரியின் தொடர்ச்சி என்றே எடுத்துக்கொள்ளப்படும். கோப்பில் ஃபாரஸ்டின் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘எக்ஸ்’ என்ற எழுத்து மட்டும் இருக்கும். கோப்பை டைரக்டரியில் ஏற்றும் ‘எல்டிஃப்டிஇ’ கருவியை இயக்கும்போது அந்த இடத்தில் எந்தப் பெயர் வர வேண்டும் என்று அட்மின் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே பெயர்கள் சிதைந்துபோன அலுவலகங்களுக்கு ‘இனெட்ஆர்க்பெர்சன்ஃபிக்ஸ்’ என்ற கோப்பு விண்டோஸ் சர்வர் 2003 குறுந்தகட்டிலேயே, துணைக்கருவிகள் அடைத்த கேபினட் கோப்புக்குள் இருந்தது.

பெயரை மாற்றினால் ஆயிரக்கணக்கான ஊழியர்களின் பதிவில் இருந்த உதவியாளர் விவரம் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. டைரக்டரி தன் தரவுத்தளத்தில் ஒவ்வொரு மதிப்பையும் ஓ.ஐ.டி.யிலிருந்து பெற்ற உள் எண்ணை வைத்துத்தான் சேமிக்கிறது. வாசலில் எழுதிய வீட்டுப் பெயரை மாற்றினாலும் பத்திரத்தில் இருக்கும் சர்வே எண் மாறாதது போலத்தான் இதுவும்.

இந்த மோதல் எல்லோருக்கும் வரவில்லை. எது முதலில் வந்தது என்பதைப் பொறுத்தே அமைந்தது. எக்ஸ்சேஞ்ச் 2000ஐ நிறுவும் முன்பே ஏடிபிரெப்பை இயக்கிவிட்டவர்களுக்குத் தொல்லை இல்லை. விண்டோஸ் சர்வர் 2003இன் ஸ்கீமா, எக்ஸ்சேஞ்சின் அந்த மூன்று புலங்களையும் மாற்றிய பெயர்களோடு தானே சுமந்துகொண்டு வந்ததுதான் காரணம். அதே இரண்டு மென்பொருள்கள், அதே கட்டளைகள், வரிசை மட்டும் வேறு. மேம்படுத்தல் திட்டம் எழுதுகிறவர்கள் எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த ஃபாரஸ்டின் ஸ்கீமாவில் இதுவரை யார் யார் எந்த வரிசையில் எதைச் சேர்த்தார்கள் என்பது அதே தாளில் இருக்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதுவே ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. ஸ்கீமாவில் அதன் பதிப்பைக் காட்டுவதற்கென்றே ஒரு புலம் உண்டு. அதில் யாரும் எந்த மதிப்பையும் இடுவதில்லை. அதன் வரையறையில் இருக்கும் மேல்வரம்பு எண்தான் பதிப்பு எண். எக்ஸ்சேஞ்ச் 2000இல் அது 4397. எக்ஸ்சேஞ்ச் 2003இல் 6870. எக்ஸ்சேஞ்ச் 2016 வெளியானபோது 15317. எக்ஸ்சேஞ்ச் 2019இன் பிந்தைய திரட்டுப் புதுப்பிப்புகளில் 17003. 2025 ஜூலையில் வந்த சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் இந்த எண்ணைத் தொடவில்லை. எக்ஸ்சேஞ்சின் புதிய பதிப்புகளில் ஸ்கீமாவை மாற்றும் ‘பிரிபேர்ஸ்கீமா’ கட்டளையை இயக்கிய கையோடு அடுத்த படிக்குத் தாவாமல், ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரிலும் இந்த எண் வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பதே நிதானமான வேலை. கிளை அலுவலகம் ஒன்றில் மெதுவான இணைப்பில் இருக்கும் கன்ட்ரோலரில் பழைய எண்ணே இருந்தால், மாற்றம் நகலாகும் வேலை, அதாவது ரெப்ளிகேஷன், முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கட்டளையை இயக்கும் முன் செய்ய வேண்டியவையும் உண்டு. ரெப்ளிகேஷனில் ஏற்கெனவே பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கீமா மாஸ்டரின் சிஸ்டம் ஸ்டேட்டை பேக்கப் எடுக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சின் ஸ்கீமா கட்டளையை, ஸ்கீமா மாஸ்டர் இருக்கும் அதே டொமைனிலும் அதே சைட்டிலும் உள்ள கணினியில்தான் இயக்க வேண்டும். சில அட்மின்கள் ஸ்கீமா மாஸ்டரிலிருந்து வெளியே போகும் ரெப்ளிகேஷனை மட்டும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மாற்றத்தைச் செய்கிறார்கள். சரியாக வந்தால் திறந்துவிடலாம். கெட்டுப்போனால் அந்த ஒரு சர்வரைக் கைவிட்டு, பொறுப்பை வேறொரு கன்ட்ரோலருக்கு மாற்றிக்கொள்ளலாம். திரும்பப் பெற முடியாத ஒரு செயலுக்கு இந்தப் பாதுகாப்பு அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மின்னஞ்சல் சர்வரைக் கழற்றி எறிந்தாலும் அது ஸ்கீமாவில் விட்டுச்சென்றது அங்கேயே இருக்கும். 2021 ஜூலையில் சி.வி.இ. 2021-34470 என்ற பாதுகாப்புக் குறை வெளியானபோது பலருக்கு இது உறைத்தது. குறை இருந்தது எக்ஸ்சேஞ்ச் எப்போதோ ஸ்கீமாவில் சேர்த்திருந்த ‘ஸ்டோரேஜ் குரூப்’ என்ற வகையின் வரையறையில். கம்ப்யூட்டர் பதிவுக்குக் கீழே அந்த வகைப் பொருளை உருவாக்க அது இடம் கொடுத்தது. எக்ஸ்சேஞ்சை அகற்றி ஆண்டுகள் ஆன நிறுவனங்களும் தங்கள் ஸ்கீமாவைச் சோதித்துத் திருத்த வேண்டியிருந்தது.

‘செகரட்டரி’ கடைசியில் தன் பெயரைத் தக்கவைத்துக்கொண்டது. இன்று புதிதாக ஓர் ஆக்டிவ் டைரக்டரி ஃபாரஸ்டை நிறுவினால், அதே 0.9.2342.19200300.100.1.21 எண்ணோடு, பதிவின் முழு முகவரியைத் தாங்கும் புலமாகவே அது வருகிறது. எக்ஸ்சேஞ்ச் சர்வர் ஒன்றுகூட இல்லாத ஃபாரஸ்டிலும் பக்கத்திலேயே ‘எம்எஸ்எக்ஸ்ச்அசிஸ்டன்ட்நேம்’ வெறும் எழுத்துப் புலமாக நிற்கிறது. போதாக்குறைக்கு, ஆக்டிவ் டைரக்டரிக்கே உரிய ‘அசிஸ்டன்ட்’ என்ற மூன்றாவது புலமும் உண்டு. அதிலும் இருப்பது முகவரிதான். மனிதவளத் துறையின் விவரங்களை டைரக்டரிக்கு ஏற்றுகிறவர்கள் பெயரைப் பார்த்துவிட்டு ‘செகரட்டரி’யையோ ‘அசிஸ்டன்ட்’டையோ நிரப்புகிறார்கள், அவுட்லுக்கில் உதவியாளர் கட்டம் காலியாகவே இருக்கிறது. அந்தக் கட்டம் படிப்பது ‘எம்எஸ்எக்ஸ்ச்அசிஸ்டன்ட்நேம்’ புலத்தை. உதவியாளரின் பெயரை எழுத்தாக அதில் இட்டால் தெரியும்.