பிராது

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போகிறவர்களில் பலர் பூ, தேங்காயோடு ஒரு தாளும் கொண்டுபோகிறார்கள். அதில் மனு எழுதும் தோரணையிலேயே எழுதவேண்டும். இன்னார், இன்னார் மகன், இன்ன ஊர். கொடுத்த கடன் திரும்பவில்லை, நகை களவுபோனது, கணவன் வீடு தங்குவதில்லை, ஆகவே சாமி விசாரித்துத் தீர்த்துவைக்க வேண்டியது. அந்தத் தாளைச் சன்னதியில் வைத்துப் பூசை செய்து, திருநீற்றோடு பொட்டலமாக்கி, அங்கேயே உள்ள முனியப்பர் முன்னால் நட்டிருக்கும் வேலில் கட்டிவிடுவார்கள். கட்டணம் உண்டு. அதற்குமேல், மனுதாரர் ஊரிலிருந்து கோயில் எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணித் தனிக்காசும் வாங்குவார்கள். கோர்ட்டில் சம்மன் கொண்டுபோகிற சிப்பந்திக்குக் கட்டும் படியை நினைவூட்டும் கணக்கு இது. காரியத்தின் பெயரும் கோர்ட்டுப் பெயர்தான்: பிராது கட்டுதல்.

கொளஞ்சியப்பருக்கு முகமோ கைகாலோ கிடையாது. பலிபீடம்போல் ஒரு கல். மக்களுக்கு அவர் முருகன். விருத்தாசலத்தைப் பாடாமல் போன சுந்தரரை வேடன் உருவில் மடக்கி, கையிலிருந்ததைப் பறித்தவர் இவர்தான் என்கிறது தலபுராணம். வழிப்பறி செய்தவரிடமே களவு வழக்கைக் கொண்டுபோகிறோம் என்பதில் யாருக்கும் உறுத்தல் இருப்பதாகத் தெரியவில்லை.

பிராது பாரசீகத்திலிருந்து வந்த சொல். அங்கே ‘ஃபர்யாத்’ என்றால் காகிதம் இல்லை. வாய்விட்டுக் கதறுவது, காப்பாற்று என்று கூவுவது. உருது கஜல்களில் காதலன் இன்னும் ஃபர்யாத் செய்துகொண்டுதான் இருக்கிறான். அரசனிடம் நியாயம் கேட்டுக் கூவுவதற்கும் அதுவே சொல். 1605-இல் பட்டத்துக்கு வந்த ஜஹாங்கீர், தன் முதல் ஆணையாக ஆக்ரா கோட்டையிலிருந்து யமுனைக் கரைவரை 60 மணிகள் கோத்த பொற்சங்கிலி ஒன்றைத் தொங்கவிடச் சொன்னதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதிகாரிகள் கைவிட்டவன் வந்து இழுக்கலாம். திருவாரூர்ப் பசு அடித்த ஆராய்ச்சி மணியின் கதையோடு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

வக்கீல், ஜாமீன், ஜப்தி, பைசல், அமீனா ஆகிய சொற்களோடு ஃபர்யாத்தும் நவாபுகளின் கச்சேரி வழியாகவும் பின்னால் கம்பெனி கோர்ட்டுகள் வழியாகவும் தெற்கே இறங்கியது. வரும் வழியில் அதன் குரல் போய்விட்டது. கூவியதை எழுத்தர் எழுதிக்கொண்டார். எழுதிய தாளே ஃபர்யாத் ஆயிற்று. தெலுங்கில் ‘ஃபிர்யாது’ இன்றும் போலீஸ் ஸ்டேஷனில் அன்றாடம் புழங்கும் சொல். கன்னடத்தில் வழக்குத் தொடுப்பவர் ‘ஃபிர்யாதி’. தமிழில்தான் அது பிராதாகச் சுருங்கி, கோர்ட்டைவிட்டு வெளியேறி, ஆலமரத்தடிப் பஞ்சாயத்தில் ஒதுங்கியது. நாட்டாமைப் படங்கள் இல்லாவிட்டால் நகரத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் காதில் விழுந்தே இருக்காது.

பிராதை ஓரங்கட்டிய ‘புகார்’ மட்டும் என்ன வாழ்கிறதாம்? அதுவும் இந்துஸ்தானியில் ‘புகார்’, அதாவது உரக்கக் கூப்பிடுதல். காவிரி கடலில் கலக்கும் புகாருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் தமிழ் இலக்கியத்தின் மிகப் பெரிய புகாரைக் கொடுத்தவள் புகாரிலிருந்து போனவள் என்பதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

அந்தக் கண்ணகி செய்ததற்குத் தமிழில் சொந்தச் சொல் உண்டு: முறையிடுதல். முறை என்றால் நீதி. குறளில் அரசன் செய்யவேண்டியது முறைசெய்தல். அது தவறியபோது குடிகள் எழுப்பிய குரல் ‘முறையோ’. அரசன் காதில் விழாவிட்டால் அதே குரல் கோயில் வாசலில் எழுந்தது, அதே சொல்லோடு. பிறகு இதற்கும் ஃபர்யாத்தின் கதிதான். இன்று தமிழ்நாட்டில் மேல்முறையீடு என்றால் ஹைகோர்ட்டு. இலங்கையில் முறைப்பாடு என்றால் பொலிஸ் நிலையம். ‘மன்றாட்டு’ எதிர்த்திசையில் போனது. மன்று ஊர்கூடி வழக்குத் தீர்த்த பொதுவிடம். அங்கே நின்று வழக்காடுவதே மன்றாடுதல். இன்று வழக்கறிஞர் யாரும் மன்றாடுவதில்லை. கத்தோலிக்கர்தான் பூசையில் ஒருவர் வாசிக்க மற்றவர் ஒரே குரலில் பதில் சொல்லி மன்றாடுகிறார்கள்.

கடவுளிடம் வேண்டுவதும் முறையிடுவதும் ஒன்று என்று அகராதி சொல்லலாம். வாய்மொழி அப்படிச் சொல்லாது. வேண்டுதலில் கொடுக்கல்வாங்கல் உண்டு: நீ பிள்ளை கொடு, நான் மொட்டை போடுகிறேன். முறையிடுகிறவள் எதையும் தருவதாகச் சொல்லவில்லை. எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது, பார்த்துக்கொண்டு நீ சும்மா இருக்கிறாய் என்று குற்றப்பத்திரிகை வாசிக்கிறாள். அதில் பணிவைவிட உரிமை அதிகம். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல் என்றே ஒரு கல் இருக்கிறது. பொருளைப் பறிகொடுத்தவர்கள் மிளகாயை அரைத்து அதன்மேல் பூசுகிறார்கள். கண்ணெல்லாம் எரிய, திருடியவனைத் திட்டிக்கொண்டே அரைக்கும் பெண்ணைப் பார்த்தால் அதைப் பிரார்த்தனை என்று சொல்ல நா எழாது.

கோர்ட்டுக்குப் போகாத சொல் ‘ஓலம்’. ஒருகாலத்தில் அடியார்கள் இறைவனை நோக்கி இட்டது ஓலம். முதலை வாயில் சிக்கிய யானை இட்டதும் அதுதான். சட்டம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. செய்தித்தாள் எடுத்துக்கொண்டு, விபத்துச் செய்திகளுக்கு ‘மரண ஓலம்’ என்று வைத்துக்கொண்டது.

மணவாளநல்லூரில் நடப்பதை அறியாமை என்று ஒதுக்குகிறவர்களை எனக்குத் தெரியும். சீட்டு நடத்தியவர் ஓடிப்போனால், கையெழுத்து வாங்காமல் கொடுத்த கைமாற்றுக்கு, சாட்சியில்லாத களவுக்கு எந்த கோர்ட்டு வழக்கெடுக்கும்? ஸ்டேஷனில் ரசீது கிடைக்காதவருக்கு இங்கே பொட்டலம் கட்டும் நூலாவது கிடைக்கிறது. பாரசீகத்தில் கூவலாக இருந்து கச்சேரியில் காகிதமான சொல், இங்கே காகிதமாகவே சாமிமுன் வந்து நிற்கிறது.

குறை தீர்ந்ததும் அப்படியே இருந்துவிட முடியாது. மறுபடி கோயிலுக்கு வந்து, இன்ன தேதியில் கட்டிய பிராதில் கேட்டது நிறைவேறிவிட்டது, ஆகையால் அதை வாபஸ் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். வாபஸும் பாரசீகம்தான்.