அட்டையைப் பார்த்தாங்க, கடிதத்தைப் பார்க்கல்ல

போர்க் காலத்தில் படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு வாறதென்டால் வவுணதீவுச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்ட வேணும். முகமும் அட்டையும் ஒத்துப்போகுதா என்டு பார்ப்பாங்க. பையில் கிடக்கிற கடிதத்தில் அனுப்புநராக யாருடைய பெயர் இருக்கு என்பது வேற கேள்வி. மின்னஞ்சல் வரலாற்றிலும் இந்த ரெண்டு கேள்வியும் நெடுநாள் பிரிஞ்சே கிடந்தன.

வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது 1981இல். அடுத்த வருசம் ஜொனதன் போஸ்டல் எஸ்எம்டிபி நெறிமுறையை ஆர்எப்சி 821 ஆக வெளியிட்டார். அதில் அடையாள அட்டையே கிடையாது. அனுப்புறவர் சொல்ற பெயர்தான் அனுப்புநர் பெயர். ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச ஆய்வுகூடங்களுக்கு அது போதும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற முறை 1999 மார்ச்சில்தான் ஆர்எப்சி 2554 ஆக வந்தது.

அதுவும் சாவடி மட்டும்தான். தன் கடவுச்சொல்லோடு உள்ளே வந்த மாணவர் துணைவேந்தரின் முகவரியைப் போட்டு அனுப்பினாலும் வழங்கி கொண்டுபோய்க் கொடுக்கும். வீட்சே வெனிமா எழுதிய போஸ்ட்பிக்ஸ் போன்ற மென்பொருள்களில் இதைத் தடுக்க ஓர் அட்டவணை வைக்கலாம்: இந்த முகவரி இந்தக் கணக்குக்குச் சொந்தம். நாமாகச் சொன்னால்தான் அது வேலை செய்யும்.

எங்கட வாசிப்பு வட்டத்துக்கு நான் ஒரு வழங்கி வைச்சிருக்கிறன். அட்டவணையையும் இறுக்கமாகவே போட்டன். வட்டத்துத் தங்கச்சி ஒருத்தி புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கையில் தன் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் 'பரிசில்' என்ட சொல்லும் சேர்த்த முகவரியைக் கொடுத்திருந்தாள். அப்படி வாற அஞ்சல் அவளின் பெட்டிக்கே வரும். எதற்கு வந்தது என்டும் தெரியும். நல்ல பழக்கம்தான். அவங்க ஓர் ஆவணம் கேட்டாங்க. அதே முகவரியிலிருந்து பதில் அனுப்பினாள். என்ட அட்டவணையில் அவளின் வெறும் பெயர் மட்டுமே இருந்ததால் வழங்கி மறுத்திட்டு. போனில் ஆங்கிலத்தில் வந்த பிழைச் செய்தியைப் பார்த்து, நெட் சரியில்லையாக்கும் என்டு விட்டிட்டாள். நான் பதிவுகளைப் பார்க்கிறதுக்குள் திகதி முடிஞ்சு போச்சு. பிழை என்ட.

முழு முகவரியை முதலில் தேட வேணும். இல்லையென்டால்தான் ஒட்டை வெட்டிட்டு மறுகா தேட வேணும். ஒட்டைப் பிரிக்கிற குறி எது என்டு 2008இல் வந்த ஆர்எப்சி 5233கூடக் கட்டாயப்படுத்தல்ல. கியூமெயில் மரபில் அது சிறுகோடு. அதைத் தேர்ந்தால் இன்னொரு வில்லங்கம்: 'அருள்-மேரி' என்டவர் விலகி, அவரின் முகவரியும் அட்டவணையிலிருந்து அழிஞ்சால், வெட்டின பிறகு மிஞ்சுவது 'அருள்'. மேரியின் பெயரில் அருள் எழுதலாம்.

நான் கூட்டல் குறியோடு நிற்கிறன். தங்கச்சி அடுத்த வருசம் மறுகா விண்ணப்பிச்சாள், அது இல்லாமல்.